நெடுஞ்சாலை அகலப்படுத்த நிலம் எடுக்கிறார்களா? 21 நாள்தான் அவகாசம்

சாலையோரம் அளவுக்கல் நட்டதும் ஜனங்கள் ஆபீஸுக்கு ஓடுகிறார்கள். அங்கே கிடைக்கும் பதில்: "இன்னும் எதுவும் முடிவாகலை, போங்க." அதை நம்பி வீடு திரும்பி, ஆட்சேபணை சொல்லும் உரிமையையே இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முடிவாகாத அந்த நாட்களில்தான் உங்கள் பேச்சுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ம் ஆண்டுச் சட்டம். முதலில், இந்த நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று சொல்லும் 3ஏ பிரிவு அறிவிப்பு மத்திய அரசிதழில் வரும். அதன் சாரத்தை இரண்டு நாளிதழ்களில் போடுவார்கள், ஒன்றாவது தமிழில் இருக்கும். இந்தக் கட்டத்தில் வீடு தேடி நோட்டீஸ் வரும் என்று காத்திருக்காதீர்கள், சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ஆட்சேபணைக்கு 21 நாள். அதை அரசிதழ் தேதியிலிருந்தே எண்ணுங்கள். நாளிதழில் வருவதற்குள் அந்த 21 நாளில் பாதி கரைந்திருக்கலாம். பொடி எழுத்து அட்டவணையில் கிராமம், சர்வே எண் மட்டும் பார்த்தால் போதாது. உட்பிரிவையும் பாருங்கள். 112/2ஏ என்று போட்டிருக்க, 112/2பி வைத்திருப்பவர் பதறுவதும், உண்மையில் நிலம் போகிறவர் சும்மா இருப்பதும் அடிக்கடி நடக்கிறது.

மனுவை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வி.ஏ.ஓ.விடமும் தாலுகா ஆபீஸிலும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுத்துவிட்டு, ரசீது இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த மனு மேசை மேசையாக நகர்வதற்குள் கெடு முடிந்துவிடும். அறிவிப்பில் குறிப்பிட்டுள்ள நிலமெடுப்பு அதிகாரிக்கே, 3சி பிரிவின்கீழ் ஆட்சேபணை என்று தலைப்பிட்டு, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

"நிலம் தர மாட்டேன்" என்று மட்டும் எழுதினால் ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிடுவார்கள். எதிர்ப்பக்கம் புறம்போக்கு காலியாக இருக்கிறது, பாசனக் கிணறு போகிறது, மிச்ச நிலத்துக்கு வழியில்லை என்று நில அளவை வரைபட நகலோடு காட்டுங்கள். இழப்பீடு போதாது என்ற வாதத்தை இங்கே வைக்க வேண்டாம், அதற்கு வேறு கட்டம் உண்டு. நேரில் விசாரிக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். விசாரணைக்கு வாய்ப்புத் தருவது அதிகாரியின் கடமை.

பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த நிலத்தில் உரிமைத் தொடர்புள்ள எவரும் ஆட்சேபிக்கலாம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைத்தால் போதும். ஆனால் பட்டா மாறுதலுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். பங்காளித் தகராறு வந்தால் இழப்பீட்டுப் பணம் சிவில் கோர்ட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளும்.

சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டம் எல்லா விரிவாக்கத்துக்கும் நடக்காது. 100 கி.மீ.க்கு உட்பட்ட அகலப்படுத்தலுக்கு அது பொதுவாகக் கட்டாயமில்லை. நடந்தால் கடைசிவரை இருங்கள். அங்கே பேசியதை முடிவில் வாசித்துக் காட்டவேண்டும் என்பது விதி. நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

3ஏ வந்து ஓராண்டுக்குள், நிலத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் 3டி அறிவிப்பு வரவேண்டும், இல்லையேல் 3ஏ காலாவதி. 3டி வந்துவிட்டால் நிலம் அரசுடையது, அதன்பின் பேச்செல்லாம் பணத்தைப் பற்றித்தான். கட்டடம், மரம், போர்வெல் அளக்கும் நாளில் கட்டாயம் உடனிருங்கள், போட்டோ எடுங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இழப்பீட்டு உத்தரவில், கட்டாயமாக நிலம் எடுப்பதற்காகக் கூடுதலாகத் தரும் 100 சதவீத ஆறுதல் தொகை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலை நிலத்துக்கும் ஆறுதல் தொகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. தொகை குறைவென்றால் பணம் வாங்கும்போதே "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதிவிட்டு, நடுவரிடம் மனுச் செய்யுங்கள். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவர்.