ஈஸ்டரை எதிர்பார்க்க சபையை ஆயத்தப்படுத்துவோம்

ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் நம் சபைகளில் கூட்டங்களுக்குக் குறைவே இருக்காது. சாம்பல் புதன் ஆராதனை, உபவாச ஜெபம், குருத்தோலை பவனி, பெரிய வியாழன் திருவிருந்து, புனித வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை. ஆயராக இருக்கும் எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. இவையெல்லாம் சபையைச் சிலுவை வரைக்கும் அழைத்துப்போகின்றன, அதோடு நின்றுவிடுகின்றன. இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளையும் கேட்டுக் கண்கலங்கியவர்கள், ஞாயிறு அதிகாலை ஆராதனையில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். இயேசு உயிர்த்தெழுந்ததை மனதார நம்புகிறார்கள். அதனால் தங்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறும் என்ற எதிர்பார்ப்புதான் இல்லை.

சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை எண்ணிப் பாருங்கள், 46 நாட்கள் வரும். அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான் 40 என்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் சபை அன்றைக்கு உபவாசம் வைக்கவில்லை. நாமோ அந்த ஆறு ஞாயிறுகளிலும் துக்கப் பாடல்களையே பாடுகிறோம். அவற்றில் ஒன்றிரண்டிலாவது இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் கல்லறையைப் பற்றியோ, எசேக்கியேல் 37-இல் உயிர்பெற்ற உலர்ந்த எலும்புகளைப் பற்றியோ பிரசங்கித்தால், ஈஸ்டர் வரும்போது சபை அதற்குத் தயாராக இருக்கும்.

எதிர்பார்ப்பு என்றதும் சிலர் வேறுபக்கம் போய்விடுகிறார்கள். ‘இந்த ஈஸ்டருக்குள் வேலை கிடைக்கும், கடன் தீரும்’ என்று மேடையிலிருந்து வாக்குக் கொடுப்பது ஆபத்தானது. அது நடக்காத வீட்டில் விசுவாசமே ஆட்டம் கண்டுவிடும். மாற்கு 16-ஐ வாசியுங்கள். அந்தப் பெண்கள் அற்புதம் பார்க்கப் போகவில்லை, சடலத்துக்குச் சுகந்தவர்க்கம் பூசப் போனார்கள். கல்லை யார் புரட்டுவார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே நடந்தார்கள். சபைக்கு நான் சொல்லிக்கொடுக்க விரும்புவது இந்த நடையைத்தான். பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் வீட்டுக்கு ஈஸ்டருக்கு முன்னால் ஒருமுறை போய்வாருங்கள். கதவு திறக்குமா என்று நமக்குத் தெரியாது, போகலாம்.

துக்கத்தில் இருக்கும் குடும்பங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். அந்த வருடத்தில் கணவரையோ பிள்ளையையோ அடக்கம் செய்தவர்களுக்கு ஈஸ்டர் மிகவும் கடினமான நாள். சுற்றிலும் எல்லோரும் ‘அல்லேலூயா’ பாடும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். சிலர் அன்று கோயிலுக்கே வருவதில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் இறந்தார்கள். அது ஈஸ்டர் ஞாயிறு. அந்தக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு ஈஸ்டரும் நினைவுநாளாகவும் வருகிறது. இப்படிப்பட்டவர்களிடம் ‘அழாதீங்க, அவங்க பரலோகத்தில் இருக்காங்க’ என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். யோவான் 20-இல் மகதலேனா மரியாள் அழுதுகொண்டு நின்றபோது, இயேசு முதலில் ‘ஏன் அழுகிறாய்?’ என்று கேட்டார். அப்புறம்தான் பெயர் சொல்லி அழைத்தார். லெந்து நாட்களில் துக்க வீடுகளுக்குப் போகும்போது நானும் அதே வரிசையில்தான் போக முயல்கிறேன். முதலில் இறந்தவரைப் பற்றிப் பேசவிடுகிறேன். மரித்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லும் 1 கொரிந்தியர் 15-ஐ அதற்குப் பிறகு சேர்ந்து வாசிக்கிறோம்.

சனிக்கிழமையையும் நாம் வீணாக்கிவிடுகிறோம். பூ வாங்குவது, கோயிலை அலங்கரிப்பது, புதுத்துணி என்று ஓடிப்போகிறது. ஆதிச் சபையில் அந்த இரவு முழுக்க விழித்திருந்து வேதம் வாசித்தார்கள், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நாம் இரவெல்லாம் விழிக்கவேண்டியதில்லை. சனி மாலை ஒரு மணி நேரம் குடும்பமாக உட்கார்ந்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஞானஸ்நானத்தில் கொடுத்த வாக்குறுதிகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

உபவாசத்துக்கு 40 நாட்கள் என்றால், பரிசுத்த ஆவியானவர் சீடர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாள் வரைக்குமான ஈஸ்டர் காலம் 50 நாட்கள். சந்தோஷத்துக்குத்தான் சபை அதிக நாட்களைக் கொடுத்திருக்கிறது. ஆனால் பல சேகரங்களில் அடுத்த ஞாயிறே வருகை குறைந்துவிடுகிறது. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குத் தோன்றிய முதல் ஞாயிறன்று, அவர்களில் ஒருவரான தோமா அங்கே இல்லை. எட்டு நாள் கழித்து அவருக்காக ஆண்டவர் மறுபடியும் வந்தார். ஈஸ்டருக்கு வராதவர்களின் பெயர்களைக் குறித்துவைத்து, அந்த வாரத்திலேயே அவர்களைத் தேடிப்போகும்படி வட்டாரத் தலைவர்களிடம் லெந்து தொடங்கும்போதே சொல்லிவையுங்கள்.