பவர் பத்திரத்தில் எழுத முடியாத பத்தாயிரம்

சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் ஒரு சின்ன அறைதான் என் அலுவலகம். வழக்குரைஞர் என்று பலகை தொங்குகிறது. ஆனாலும் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் வழக்குக்காக வருவதில்லை. ஊரில் நிலம் இருக்கும். அப்பா பெயரில் கிடக்கும் பட்டாவை மாற்ற வேண்டும், அல்லது தம்பியோடு பாகம் பிரிக்க வேண்டும். லீவு கிடைக்காது. ஊரில் உள்ள ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்க வருவார்கள்.

அப்படி வந்தவர்தான் அந்த அண்ணன். துறைமுகத்தில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர், சிங்கப்பூர்க் குடிமகன், பூர்வீகம் தஞ்சைப் பக்கம். (ஆளைத் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அக்கா மகனுக்குப் பவர். எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான் தம்பி. பட்டா மாத்த பத்தாயிரம் கேக்குறாங்களாம். அதைக் குடுக்குற அதிகாரத்தையும் இதுலயே எழுதிட முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. லஞ்சம் கொடுப்பது பற்றி அவருக்குக் கவலையே இல்லை. பையன் பத்தாயிரம் கொடுத்துவிட்டுப் பதினைந்து என்று கணக்குச் சொல்வானோ என்பதுதான் கவலை.

முடியாது என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. "டெல்லியில அன்னா ஹசாரே பட்டினி கிடந்தாரே தம்பி, லோக்பால் வந்தா இதெல்லாம் நின்னுடும்னு சொன்னாங்களே. அது வந்துச்சா, வரலையா?"

வந்தது. வந்த கதைதான் நீளம். லோக்பால் என்பது மேலிடத்து ஊழல் புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு. அந்தச் சொல்லை எல். எம். சிங்வி 1963-இல் நாடாளுமன்றத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1966-இல் மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் மத்தியில் லோக்பால், மாநிலங்களில் லோக் ஆயுக்தா என்று பரிந்துரைத்தது. முதல் மசோதா 1968-இல் வந்தது. மக்களவை நிறைவேற்றியும் அவை கலைந்ததால் காலாவதியானது. அதற்குப் பிறகு வந்த மசோதாக்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். 2011 ஏப்ரலில் ஜந்தர் மந்தரிலும் ஆகஸ்டில் ராம்லீலா மைதானத்திலும் ஹசாரே உண்ணாவிரதம் இருந்தபோது இங்கே தேக்காவில் டீ குடிக்கிற மேசைகளில்கூட அதே பேச்சு. சட்டம் 2013 டிசம்பரில் நிறைவேறி 2014 ஜனவரி 16-இல் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தைப் படித்துப் பார்த்தால் மோசமில்லை. இந்த மாதிரி அமைப்பு எதுவானாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: தொடங்கிய கோப்பை மூட யாருக்கு அதிகாரம் இருக்கிறது? இந்தியாவில் ஓர் அரசு ஊழியர் மீது ஊழல் வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும். பல கோப்புகள் தூங்குவது அந்த இடத்தில்தான். லோக்பால் சட்டம் அந்த அனுமதியைத் தரும் அதிகாரத்தை லோக்பாலிடமே கொடுத்தது. பிரதமரையும் உள்ளே கொண்டுவந்தது, வெளியுறவு, பாதுகாப்பு, அணுசக்தி, விண்வெளி போன்ற சில விஷயங்கள் தவிர. தன் வழக்கை விசாரிக்கும் சிபிஐ அதிகாரியை லோக்பாலின் ஒப்புதல் இல்லாமல் இடம் மாற்றவும் முடியாது.

சரி, கோப்பை மூட முடியாது. நாற்காலியைக் காலியாக வைக்கலாமே? அதுதான் நடந்தது. தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்க வேண்டும். 2014 தேர்தலுக்குப் பிறகு மக்களவையில் அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவரே இல்லை. அதைக் காரணம் காட்டி நியமனம் நின்றது. சட்டத்தை இப்படியே நடைமுறைப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியும், முதல் தலைவராக பினாகி சந்திர கோஷ் பதவியேற்றது 2019 மார்ச்சில். அவர் 2022 மே மாதம் ஓய்வு பெற்றார். அடுத்த முழுநேரத் தலைவர் கான்வில்கர் வந்தது 2024 மார்ச்சில். இடையில் பொறுப்புத் தலைவரை வைத்து ஓட்டினார்கள். 2025 அக்டோபரில் லோக்பால் பெயர் செய்திகளில் பலமாக அடிபட்டது, ஏழு பி.எம்.டபிள்யூ கார்கள் வாங்க விட்ட டெண்டருக்காக. உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் படித்து என்ன நினைத்திருப்பார்களோ.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, என் பட்டாவுக்கு லோக்பால்கிட்ட எழுதிப் போடலாமா?" என்றார் அண்ணன்.

போட்டாலும் பயனில்லை. லோக்பால் மத்திய அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், மத்திய அரசு ஊழியர்களுக்கு. கிராம நிர்வாக அலுவலரும் சர்வேயரும் மாநில அரசு ஊழியர்கள். அவர்களுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, 2018-இல் சட்டமாகி 2019-இல் அமைக்கப்பட்ட லோக் ஆயுக்தா. இன்னொன்று, 1964 முதல் இருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறை. பத்தாயிரம் கேட்கிறார்கள் என்றால் இரண்டாவது கதவைத் தட்டுவதுதான் சுருக்கு வழி. 'ரசாயனம் தடவிய நோட்டுகளைக் கொடுத்தபோது கையும் களவுமாக' என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பினாப்தலீன் தூள் அது. பணத்தை வாங்கிய விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும்.

புகார் கொடுக்க யோசிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு இந்திய ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பவரும் நேரடிக் குற்றவாளி. 7 ஆண்டு வரை சிறை. கட்டாயத்தின் பேரில் கொடுத்தேன் என்று தப்பிக்க வேண்டுமானால் 7 நாளுக்குள் காவல் துறையிலோ விசாரணை அமைப்பிலோ தெரிவித்திருக்க வேண்டும். கொடுக்கும் முன்பே சொல்லி, அவர்களோடு சேர்ந்து பொறி வைத்துக் கொடுத்தால் அது குற்றமே ஆகாது. கொடுத்துவிட்டு, வேலை முடியவில்லை என்று ஆறு மாதம் கழித்துக் கோபத்தில் போய் நிற்பவருக்குத்தான் ஆபத்து. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஆறாவது மாதத்தில்தான் வருகிறார்கள்.

அண்ணன் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார். "அது அங்க. நான் இங்கதானே இருக்கேன்?"

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன் 37-ஆவது பிரிவின்படி, சிங்கப்பூர்க் குடிமகன் வெளிநாட்டில் லஞ்சக் குற்றம் செய்தாலும் அதை இங்கேயே செய்ததாகக் கருதி வழக்குப் போடலாம். ஊர்ப் பழக்கம், தொழிலில் வழக்கம் என்று வாதாடவும் 23-ஆவது பிரிவு இடம் தராது. தண்டனை 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆள் வைத்துக் கொடுத்தாலும் அதேதான். தொகை சின்னது என்ற எண்ணமும் வேண்டாம். கொள்கலன் கிடங்கில் லாரி ஓட்டுநர்களிடம் ஒரு தடவைக்கு 1 வெள்ளி வாங்கிய பாரந்தூக்கி வண்டி ஓட்டுநர்கள் மீது 2018-இல் இங்கே வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

தாலுகா அலுவலகத்தில் பத்தாயிரம் ரூபாய் கொடுத்ததற்காக நாளைக்கே கதவைத் தட்டுவார்களா என்றால், அப்படிப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் பவர் பத்திரத்தில் அதை எழுதித் தரச் சொல்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே எல்லாம் தானாகச் சுத்தமாக இருந்தது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது. அன்றைய மதிப்பு 400,000 வெள்ளி. கொள்ளையில் போலீஸ் துப்பறிவாளர்களுக்கே பங்கு. லஞ்சத்தை விசாரிக்க வேண்டிய பிரிவும் போலீசுக்குள்தான் இருந்தது. மறு வருடம், 1952-இல், அதைத் தனியாகப் பிரித்து லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவை அமைத்தார்கள். அது இன்று பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. பிரதமரே தடுத்தால் என்ன ஆகும்? 1991-இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 22ஜி விதி அதற்குத்தான். பிரதமர் மறுத்தாலும் அதிபர் இசைந்தால் இயக்குநர் விசாரணையைத் தொடரலாம். ஒரு பூட்டுக்கு இரண்டாவது சாவி. அந்தச் சாவியும் அரசுக்குள்ளேயே இருக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறையை நான் தள்ளிவிட மாட்டேன். 2014-இல் அந்தப் பிரிவின் உதவி இயக்குநர் ஒருவரே 1.7 மில்லியன் வெள்ளிக்கு மேல் கையாடி 10 ஆண்டு சிறைக்குப் போனார்.

முன்னாள் அமைச்சர் ஈஸ்வரன் வழக்கைச் சொல்லாமல் விட முடியாது. நம் வீடுகளில் அந்த நாட்களில் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டோம். 2023 ஜூலையில் விசாரணைக்குப் பிரதமர் இசைவு தந்தார். 2024 அக்டோபர் 3-இல் 12 மாதச் சிறைத் தண்டனை வந்தது. அரசுத் தரப்பு கேட்டதே 6 முதல் 7 மாதம்தான். அவர் ஒப்புக்கொண்ட ஐந்து குற்றச்சாட்டுகளில் நான்கு, குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 165-ஆவது பிரிவின் கீழ் வந்தவை. பதிலுக்கு என்ன செய்து கொடுத்தார் என்று அந்தப் பிரிவில் நிரூபிக்கத் தேவையில்லை. தன் பதவி வேலையோடு தொடர்புள்ளவரிடம் விலைமதிப்புள்ள பொருளை இலவசமாக வாங்கினாலே போதும். 'நண்பர் அன்பாகத் தந்தார்' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

அரசுக்கு வெளியே நிற்கும் குறைகேள் அதிகாரி சிங்கப்பூருக்கும் வேண்டும் என்ற யோசனை புதிதில்லை. லோக்பாலைப் பரிந்துரைத்த அதே 1966-இல், இங்கே தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையிலான அரசமைப்பு ஆணையமும் அப்படி ஓர் அதிகாரியைப் பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை. இங்குள்ள எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி இன்றும் கேட்கிறது. ஹாங்காங்கில் லஞ்சத்துக்கு 1974-இல் ஓர் ஆணையம், நிர்வாகக் குறைகளுக்கு 1989-இல் தனியாக ஓர் அதிகாரி என்று இரண்டும் வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அப்படி ஒருவர் வரலாம் என்பதுதான் என் எண்ணம். லஞ்சத்தைப் பிடிக்க ஆள் இருக்கிறது. கடிதத்துக்குப் பதில் போடாத அலுவலகத்தைக் கேள்வி கேட்க, தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் இரவு வரிசையில் உட்கார்வதைத் தாண்டி ஒரு வழி இருந்தால் நல்லது.

கடைசியில் பவரில் ஒரு வரி சேர்த்தோம்: 'சட்டத்துக்குப் புறம்பான எந்தத் தொகையையும் யாருக்கும் கொடுக்க இந்த அதிகாரம் செல்லாது.' பட்டா மாறுதலுக்கு ஆன்லைனிலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டை முதலில் வாங்கி வைக்கச் சொன்னேன். பணம் கேட்டால் யார், எந்தத் தேதி, எவ்வளவு என்று அன்றைக்கே எழுதி வைக்கவும் சொன்னேன். அந்தச் சீட்டு இல்லாமல் எந்தக் கதவைத் தட்டினாலும் 'விண்ணப்பமே வரவில்லையே' என்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் போன் செய்தார். சீட்டு வாங்கியாகிவிட்டது. அந்த வரியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அப்புறம் பையனிடம் அதை ஒரு நகல் கேட்டாராம். எதற்கு என்று இதுவரை தெரியவில்லை. பட்டா இன்னும் வரவில்லை.