வாய்ஸ் அலாரமும் வாக்கி-டாக்கியும்: இணைப்பில் தொலைந்துபோகும் அரை வினாடி

ஒரு பெரிய கிடங்கில் வெளியேற்றப் பயிற்சி நடந்தது. தீ அலாரம் பேனலிலிருந்து சிக்னல் வந்ததும், வாய்ஸ் அலாரத்தில் (மணிக்குப் பதில் குரலில் எச்சரிக்கிற அமைப்பு) பதிவு செய்து வைத்திருந்த குரல் பேசத் தொடங்கியது: "கிழக்கு வாசல் வழியாக வெளியேறவும்." கூரை ஸ்பீக்கர்களில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அதே அறிவிப்பு காவலர்களின் வாக்கி-டாக்கிகளுக்கும் போகும்படி இணைத்திருந்தோம். முற்றத்தில் நின்ற காவலரின் கையில் இருந்த கருவியோ, "வாசல் வழியாக வெளியேறவும்" என்று மட்டும் சொன்னது. அவர் தினமும் திறந்து மூடுகிற மேற்கு வாசலை ஓடிப்போய்த் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. அவர் காதில் விழுந்ததைத்தான் செய்தார்.

"கிழக்கு" என்ற அந்த ஒரு சொல் எங்கே போனது என்று தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அலாரம் பேனல், ஆம்ப்ளிஃபையர், வாக்கி-டாக்கிகளுக்கு ஒலிபரப்புகிற ரேடியோ என்று தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல நிலையில் இருக்கும். கோளாறு பெரும்பாலும் அவற்றுக்கு நடுவே நாம் இழுக்கிற நாலு வயரில்தான் இருக்கிறது.

ரேடியோவில் பேச வேண்டுமென்றால் முதலில் பி.டி.டி. பட்டனை, அதாவது அழுத்திக்கொண்டு பேசுகிற பட்டனை, அழுத்த வேண்டும். அழுத்திய அதே கணத்தில் குரல் போய்ச் சேர்ந்துவிடாது. டிரான்ஸ்மிட்டர் எழும்ப வேண்டும். நடுவில் ரிப்பீட்டர் (அலையை வாங்கி மறுபடி ஒலிபரப்புகிற கருவி) இருந்தால் அதுவும் விழித்துக்கொள்ள வேண்டும். கேட்கிற கருவி தன் குழுவுக்குரிய துணைத் தொனியை, அதாவது பேச்சோடு சேர்ந்து வருகிற அடையாள ஒலியை, அடையாளம் கண்ட பிறகுதான் ஸ்பீக்கரைத் திறக்கும். இதற்கெல்லாம் சேர்த்து அரை வினாடி எளிதாகப் போய்விடும். பழகியவர்கள் பட்டனை அழுத்தி ஒரு மூச்சு விட்டுத்தான் பேசுவார்கள். பதிவு செய்த குரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நாம்தான் அதைக் கொடுக்க வேண்டும். அந்தக் கிடங்கில் பி.டி.டி. ரிலேயும் (விரலுக்குப் பதில் பட்டன் வேலையைச் செய்கிற மின் சுவிட்ச்) குரல் பதிவும் ஒரே சிக்னலில் ஒன்றாகத் தொடங்கியிருந்தன. ரிலேயை முதலில் மூடி, ஒரு வினாடி கழித்துக் குரலைத் தொடங்கினோம். குரலுக்கு முன்னால் ஒரு "பீப்" ஒலியையும் சேர்த்தோம். தொலைந்தாலும் பீப்பின் ஒரு பகுதிதான் தொலையும், சொல் தொலையாது. அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வைத்தோம்.

சிலர் ரிலேயே வேண்டாம், ரேடியோவின் வாக்ஸ் வசதி போதும் என்பார்கள். ஒலி வந்தால் ரேடியோ தானாகவே ஒலிபரப்பத் தொடங்கும், ஒரு வயர் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. எச்சரிக்கை வேலைக்கு இதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. வாக்ஸ் முதல் அசையைக் கேட்ட பிறகுதான் விழிக்கும். அதனால் முதல் அசை கட்டாயம் போகும். போதாததற்கு, ஆம்ப்ளிஃபையரில் கொஞ்சம் இரைச்சல் ஏறினாலும் ரேடியோ ஒலிபரப்பத் தொடங்கிச் சேனலையே அடைத்துவிடும்.

சேனல் அடைபடுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. பி.டி.டி. ரிலே ஒட்டிக்கொண்டால் அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. தீ பற்றிய நேரத்தில் காவலர்கள் ஒருவரோடொருவர் பேச முடியாமல் போவது, அலாரமே இல்லாமல் இருப்பதைவிட மோசம். இதற்காகவே ரேடியோக்களில் நேர வரம்பு வைத்திருக்கிறார்கள். பலவற்றில் அது 60 வினாடி. அந்த வரம்பை எடுத்துவிடாதீர்கள். ஆனால் அதைக் கணக்கில் எடுக்காமல் 25 வினாடி அறிவிப்பை மூன்று முறை தொடர்ந்து ஓடவிட்டால் 75 வினாடி ஆகும். மூன்றாவது முறை பாதியில் அறுந்துவிடும். ஒவ்வொரு அறிவிப்புக்குப் பிறகும் பி.டி.டி.யை விட்டு, பத்துப் பதினைந்து வினாடி இடைவெளி கொடுங்கள். அந்த இடைவெளியில்தான் "மூன்றாம் தளத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டார்" என்று ஒரு காவலர் சொல்ல முடியும்.

அடுத்தது ஒலியின் அளவு. வாய்ஸ் அலாரத்தின் லைன் அவுட்டில் (மற்றக் கருவிகளுக்கு ஒலியைத் தருகிற முனை) ஏறக்குறைய 0.775 வோல்ட் வரும். ரேடியோவின் மைக் முனையோ சில மில்லிவோல்ட்டுக்குப் பழகியது. நேராக இணைத்தால் குரல் உடைந்து, கரகரவென்று, என்ன மொழி என்றுகூடத் தெரியாமல் போகும். நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையிலும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கிலும் போட்டால் ஒலி சுமார் நூறில் ஒரு பங்காகும். அதிலிருந்து தொடங்கிக் காதால் கேட்டுச் சரி செய்யுங்கள். மைக் முனையில் மைக்குக்காக ரேடியோ அனுப்புகிற சிறு டி.சி. மின்னழுத்தம் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே டிரான்ஸ்ஃபார்மரையோ ரெசிஸ்டரையோ நேராக மாட்டினால் அந்த டி.சி. தரைக்கு இழுபட்டு மைக் சுற்றே செத்துவிடும். ஒரு கப்பாசிட்டரை வரிசையில் போட்டால் போதும்.

ஒலியை ஸ்பீக்கர் லைனிலிருந்தே எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போகிற கேபிள், கைக்கு எட்டுகிற இடம். ஆசை வருவது இயல்புதான். அந்த லைனில் இருப்பது 100 வோல்ட் வரை. ரேடியோ எரிவதோடு முடியாது. பல வாய்ஸ் அலாரம் கருவிகள், காதுக்கு எட்டாத 20 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தொனி ஒன்றைச் சதா லைனில் அனுப்பி, கேபிள் அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் நடுவில் எதையாவது மாட்டினால் அந்தக் கண்காணிப்புக் குழம்பும். பொய்யாகக் கோளாறு காட்டினாலாவது யாராவது வந்து பார்ப்பார்கள். உண்மையான கோளாறை மறைத்துவிட்டால் அது யாருக்கும் தெரியாமலே இருக்கும்.

அந்த 100 வோல்ட் லைனைப் பற்றி ஒரு கணக்கு. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் 6 வாட்டுக்கான முனையில் (டேப்) 20 ஸ்பீக்கர் என்றால் 120 வாட். வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால், 10,000-ஐ 120-ஆல் வகுக்க, சுமார் 83 ஓம் வரும். அதுதான் லைனின் இம்பீடன்ஸ், அதாவது ஒலி சிக்னலுக்கு அது காட்டுகிற தடை. சாதாரண மல்ட்டிமீட்டரை வைத்தால் இதைவிட மிகக் குறைவாகக் காட்டும். அது டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் டி.சி. தடை. அதைப் பார்த்து ஷார்ட் என்று பயந்து நல்ல கேபிளை வெட்டியவர்கள் உண்டு. 1 கிலோஹெர்ட்ஸில் அளக்கிற இம்பீடன்ஸ் மீட்டர்தான் இதற்கு ஏற்றது. கணக்கு வாட் வரை சரியாக ஆம்ப்ளிஃபையரை நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் வையுங்கள்.

இனி பி.ஏ. சிஸ்டம். கட்டடத்தில் ஏற்கெனவே அறிவிப்புக்கும் பாட்டுக்கும் ஓர் ஒலிபெருக்கி அமைப்பு இருக்கும். "அதிலேயே அலாரத்தையும் பேச வைத்துவிடுங்கள்" என்று கேட்பார்கள். ஐரோப்பியத் தரங்களில் வாய்ஸ் அலாரம் கருவிக்கு ஈ.என். 54-16, ஸ்பீக்கருக்கு ஈ.என். 54-24 என்று தனித் தரங்கள் இருக்கின்றன. கேபிள் அறுந்தால் தானே சொல்வது, மின்சாரம் போனாலும் பேசுவது, ஒரு ஆம்ப்ளிஃபையர் செத்தால் மாற்று ஆம்ப்ளிஃபையர் ஏற்றுக்கொள்வது என்பதையெல்லாம் சாதாரண பி.ஏ. ஆம்ப்ளிஃபையரிடம் எதிர்பார்க்க முடியாது. அதனால் என் முறை இதுதான்: எச்சரிக்கையை வாய்ஸ் அலாரம் தன் சொந்த ஸ்பீக்கர்களில் பேசட்டும், பி.ஏ.வுக்கு ஒரு ரிலே தொடர்பு மட்டும் போகட்டும். அலாரம் அடித்ததும் பி.ஏ. வாயை மூடிக்கொள்ளட்டும். பி.ஏ. பழுதானாலும் அலாரம் பேசும்.

ஒரே அமைப்பில் இரண்டையும் நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால், சுவரில் இருக்கிற வால்யூம் குமிழைப் போய்ப் பாருங்கள். ஒரு கூட்ட அறையில் பாட்டு தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ அதைச் சுழியத்துக்குத் திருகி வைத்திருந்தார்கள். அலாரம் சோதனையில் தாழ்வாரம் முழுக்கக் குரல் கேட்டது. அந்த அறைக்குள் மட்டும் நிசப்தம். உள்ளே இருந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் நடந்து போவதைப் பார்த்த பிறகுதான் எழுந்தார்கள். குமிழைக் கழற்றிப் பார்த்தேன். பின்னால் 24 வோல்ட் ஓவர்ரைடு ரிலே இருந்தது. அதன் இரண்டு முனைகளிலும் வயரே மாட்டவில்லை. இரண்டு வயர் கேபிள்தான் இழுத்திருந்தார்கள், ரிலேக்கான கூடுதல் வயர் இல்லை. அந்த ரிலே இயங்கினால்தான் அலாரத்தின்போது குமிழ் எந்த நிலையில் இருந்தாலும் முழு ஒலி போகும். கேபிள் இழுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். கூரையை மூடிய பிறகு கேட்டால் யாரும் திறக்கச் சம்மதிக்க மாட்டார்கள். முடிந்தால் வழக்கமாக 24 வோல்ட் இருந்து, அது போனால் முழு ஒலிக்கு வருகிற வகையைத் தேர்ந்தெடுங்கள். வயர் அறுந்தாலும் அது பாதுகாப்பான பக்கமாகவே விழும்.

ரேடியோவிலிருந்து பி.ஏ.வில் பேசுகிற வசதியைப் பலரும் ஆசையாகக் கேட்கிறார்கள். மேற்பார்வையாளர் எங்கிருந்தாலும் கையிலிருக்கும் கருவியில் பேசினால் கட்டடமே கேட்கும். பயனுள்ளதுதான். ஆனால் அதே அலைவரிசையில் வேறு யார் பேசினாலும் கட்டடம் கேட்கும். துணைத் தொனி வைத்திருக்கிறோமே என்பார்கள். அது மற்றவர் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்கிற வடிகட்டி, பூட்டு இல்லை. ஒரு விஷமி "எல்லோரும் ஓடுங்கள்" என்று சொன்னால் கூட்டம் ஓடும். அதனால் இந்தப் பாதைக்கு ஒரு சாவி சுவிட்சோ குறியீட்டு எண்ணோ வையுங்கள். முன்னுரிமையில் அதைக் கீழே வையுங்கள்: முதலில் தீயணைப்பு வீரருக்கான மைக், பிறகு தானியங்கி வெளியேற்ற அறிவிப்பு, பிறகு எச்சரிக்கை அறிவிப்பு, அதன் கீழே ரேடியோவும் அன்றாட அறிவிப்பும், எல்லாவற்றுக்கும் கடைசியில் பாட்டு. இரண்டு திசையிலும் இணைத்திருந்தால் ஒரு திசை பேசும்போது மறுதிசையை ரிலேயால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பி.ஏ. சொன்னது ரேடியோவுக்குப் போய், ரேடியோ சொன்னது பி.ஏ.வுக்குத் திரும்பி, ஊளையிடும்.

எர்த் விஷயத்தில் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். ரேடியோவின் நெகடிவ் அதன் உலோக உடம்போடு சேர்ந்திருக்கும். உடம்பு ஆன்டெனா கேபிள் வழியாகக் கூரையின் எர்த்தைத் தொடும். அதன் பி.டி.டி. வயரை அலாரம் பேனலின் 24 வோல்ட்டோடு நேராகச் சேர்த்தால், பேனல் "எர்த் ஃபால்ட்" (வயர் எர்த்தைத் தொடுகிறது) என்று விளக்கைப் போடும். ஸ்பீக்கரில் உறுமல் கேட்கும். இடி இறங்கினால் ஆன்டெனா வழியாக வருவது பேனலுக்குள்ளேயே போகும். ஒலிக்கு 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், பி.டி.டி.க்கு மின்சாரம் கலக்காத ரிலே தொடர்பு, ஆன்டெனா கேபிளுக்கு இடியின் மின்சாரத்தைத் தரைக்குத் திருப்புகிற தடுப்பான். இந்த மூன்றும் இல்லாமல் நான் இணைப்பைக் கொடுப்பதில்லை.

ரேடியோவுக்கு 13.8 வோல்ட் வேண்டும். பேனலில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக 24 வோல்ட் தருகின்றன. அதில் ஒன்றிலிருந்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுத்தால் ஒரு பேட்டரி எப்போதும் குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி, சில மாதங்களில் இரண்டும் வீணாகும். அலாரத்துக்கு 24 மணி நேரம் காத்திருப்பும் அரை மணி நேரம் பேச்சும் என்று கணக்கிட்டு வைத்த பேட்டரி அது. ரேடியோவுக்குத் தனி சார்ஜரும் தனி பேட்டரியும் கொடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும், இயக்குகிறவருக்கு அமைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் தீயணைப்பு வீரர்களுக்கென ஒரு ரேடியோ ரிப்பீட்டர் இருந்தது. மேசைக் கருவியில் அதை முழுமையாக இயக்க இரண்டு பட்டன்களை அழுத்த வேண்டும். முதல் பட்டன் அழுத்தப்பட்டது, இரண்டாவது அழுத்தப்படவில்லை. வடக்குக் கோபுர லாபியில் சோதித்த அதிகாரிகள் ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவெடுத்து அதைக் கைவிட்டார்கள். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது என்று விசாரணை ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது. இதைப் படித்ததிலிருந்து நான் அமைக்கிற எந்த மேசையிலும் "ரேடியோ இணைப்பு இயங்குகிறது" என்பதற்கு ஒரே சுவிட்சும், சுவிட்சின் நிலையைக் காட்டாமல் உண்மையில் ஒலிபரப்பு வெளியே போகிறது என்பதைக் காட்டுகிற ஒரு விளக்கும் வைக்கிறேன்.

சோதனையை விளக்கைப் பார்த்து முடிக்காதீர்கள். அறிவிப்பு என்னவென்று தெரியாத ஒருவரைக் கட்டடத்தின் கடைசி மூலையில் வாக்கி-டாக்கியோடு நிறுத்தி, கேட்டதை அப்படியே தாளில் எழுதச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் அறையில் ஒரு முறை, மாடிப்படியில் ஒரு முறை, வெளிமுற்றத்தில் ஒரு முறை. பேனல் கதவைத் திறந்து வைத்துப் பக்கத்தில் நின்று வாக்கி-டாக்கியை அழுத்தியும் பாருங்கள். அதன் அலை உள்ளே புகுந்து பொய் அலாரம் எழுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். பேட்டரியில் மட்டும் ஓட்டி இன்னொரு முறை.

அந்தக் கிடங்கில் மறு சோதனையின்போது அதே காவலர்தான் முற்றத்தில் நின்றார். அவர் எழுதிய தாளில் முதல் சொல் "பீப்", இரண்டாவது "கிழக்கு". அந்தத் தாளையும் இணைப்பின் வரைபடத்தையும் சேர்த்துப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். எனக்குப் பிறகு வருகிற டெக்னீஷியன் ஏதாவது ஒரு வயரை மாற்றினால், அந்தத் தாளில் உள்ளபடி மறுபடியும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவை மூட வேண்டும்.