பத்தாண்டு சர்வீஸ் இல்லையென்றால் குடும்ப ஓய்வூதியம் கிடையாதா?

கணவர் பணியில் இருக்கும்போதே இறந்து நான்காண்டுகள் ஆன நிலையில், இரண்டு குழந்தைகளின் தாயொருவர் அண்மையில் ஒரு கோப்புடன் என்னிடம் வந்தார். வருங்கால வைப்பு நிதித் தொகை அவருக்குக் கிடைத்திருந்தது. ஓய்வூதியத்துக்கான படிவம் 10டி மட்டும் நிரப்பப்படாமல் கோப்பிலேயே கிடந்தது. "ஆறு வருட சர்வீஸ்தானே, பத்து வருடம் இருந்தால்தான் பென்ஷன்" என்று நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். தொழிலாளர் சட்ட ஆலோசகன் என்ற முறையில் இதே பதிலைப் பல குடும்பங்களின் வாயிலாகக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

பத்தாண்டு என்பது, உறுப்பினர் உயிரோடிருந்து தமக்கென மாத ஓய்வூதியம் பெறுவதற்கான தகுதி. பணியிலிருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, ஒரே ஒரு மாதப் பங்களிப்பு ஓய்வூதிய நிதிக்குச் செலுத்தப்பட்டிருந்தாலே குடும்பத்துக்கு உரிமை உண்டு. ஆறு வருடமானாலும் சரி, ஆறு மாதமானாலும் சரி, விதி ஒன்றுதான். வேலையைவிட்டு விலகியபின் 58 வயதுக்குள் ஒருவர் இறந்தால் மட்டுமே, அவர் பத்தாண்டை நிறைவு செய்திருந்தாரா என்ற கேள்வி எழும். இந்த இரண்டையும் பிரித்தறியாதவர்கள், துக்க வீட்டாருக்கு அறிவுரை கூறாமல் இருப்பதே பேருதவி.

மனைவிக்கான ஓய்வூதியம், கணவர் இறந்த மறுநாளிலிருந்து வாழ்நாள் முழுதும் அல்லது மறுமணம் வரை கிடைக்கும். குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஒரே நேரத்தில் இரு குழந்தைகளுக்கு, தாயின் ஓய்வூதியத் தொகையில் தலா 25 சதவீதம் 25 வயது வரை தனியே வழங்கப்படும். தாய் மறுமணம் செய்துகொண்டால் குழந்தைகளின் பணமும் நின்றுவிடும் என்று அஞ்சுகிறார்கள். உண்மையில் அப்போது அவர்களின் பங்கு தலா 75 சதவீதமாக உயர்கிறது.

ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கப்படாததாலேயே குடும்பத்தின் கண்ணில் படாத இன்னொரு தொகை, வைப்பு நிதியுடன் இணைந்த காப்பீடு. அதற்கான பணத்தை நிறுவனமே செலுத்துகிறது என்பதால் சம்பளச் சீட்டில் அதற்கென்று ஒரு வரிகூட இராது. ஆனால் பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வாய்ப்புண்டு. அதைக் கோருவதற்கான படிவம் 5ஐஎஃப்பை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். அவர்களாகத் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

வேலையில் இருப்பவர்கள் இன்றே வைப்பு நிதிப் பாஸ்புக்கைத் திறந்து, ஓய்வூதியப் பங்களிப்புக்கான பத்தியில் தொகை ஏறுகிறதா என்று பாருங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஊதியத்தில் சேர்ந்தவர்கள் பொதுவாக இந்த ஓய்வூதியத் திட்டத்தில் இல்லை என்பதால், அவர்கள் தனியாக ஆயுள் காப்பீடு எடுத்துக்கொள்வது அவசியம். திருமணத்துக்குமுன் தாயின் பெயரில் போட்ட நியமனத்தை (நாமினி) அப்படியே விட்டுவைக்காமல், வைப்பு நிதி உறுப்பினர்களுக்கான யுஏஎன் (பொதுக் கணக்கு எண்) தளத்தில் புதிதாகப் போடுங்கள். ஓய்வூதியம் எப்படியும் மனைவிக்குத்தான் போகும் என்றாலும், வைப்பு நிதித் தொகைக்காக மாமியாரும் மருமகளும் அலுவலக வாசலில் நிற்கும் நிலை வேண்டாம். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, வைப்பு நிதிப் பதிவில் இன்னொன்று என்றிருந்தால், நீங்கள் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். நீங்கள் இல்லாதபோது அந்த ஓரெழுத்துக்காக உங்கள் மனைவி மாதக்கணக்கில் அலைய நேரிடும்.