கிட்னி மாற்றுப் பட்டியலில் அத்தையின் பெயர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவீட்டில் இருக்கும் டயாலிசிஸ் மையத்துக்கு வாரம் மூன்று நாள் என் அத்தையைக் கூட்டிப்போவேன். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். பால்மரம் வெட்டிய அந்தக் கையில் இப்போது ஊசி போடும் நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கும். பக்கத்து நாற்காலியில் இருந்த தோட்டத்து அண்ணன் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். அத்தை கொடுக்கவில்லை. "எனக்கு எதுக்குய்யா? ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பார். மூன்று வருடம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். அது எங்கள் தப்பு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இறந்தவரிடமிருந்து உறுப்பு எடுப்பதற்கான சட்டம் 1974ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம். அப்படிக் கிடைக்கும் சிறுநீரகம் யாருக்கு என்பதைச் சுகாதார அமைச்சின் கணினிப் பட்டியல் வைத்து முடிவு செய்கிறார்கள். ரத்த வகை, திசுப் பொருத்தம், எத்தனை காலமாக டயாலிசிஸில் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் சேரும். ஆணா பெண்ணா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் பெயர் தானாக ஏறாது. நாட்டில் 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸ் செய்கிறார்கள், உறுப்புக்காகப் பதிந்து காத்திருப்பவர்கள் 10,000 பேருக்குச் சற்று மேல்தான். உடம்பு தாங்காதவர்களைக் கழித்தாலும், கேட்காமலே விட்டவர்கள் நிறைய இருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெண்கள் விடுபடுவது பட்டியலுக்கு முந்தின இடத்தில். இந்தியாவின் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள்: 1995 முதல் 2021 வரை உறுப்பு பெற்றவர்கள் 36,640 பேர். அதில் ஆண்கள் 29,695, பெண்கள் 6,945. உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் அங்கே பெரும்பாலோர் பெண்கள். அம்மா மகனுக்குக் கொடுக்கிறார், மனைவி கணவனுக்குக் கொடுக்கிறார். அவர்களுக்கே தேவைப்படும்போது வீடு யோசிக்கிறது.

உடம்பு சம்பந்தமான காரணமும் ஒன்று உண்டு. கர்ப்பத்தின்போது பிள்ளையின் வழியாகக் கணவனுடைய திசுக்கூறுகள் தாயின் ரத்தத்துக்குப் பழக்கமாகி, அவற்றுக்கு எதிர்ப்பு உண்டாகலாம். அப்புறம் கணவன் ஆசையாகச் சிறுநீரகம் கொடுக்க வந்தாலும் மனைவியின் உடம்பு ஏற்காமல் போகலாம். அதனால் எத்தனை பிரசவம், கருக்கலைந்தது உண்டா, எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா என்று எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கருக்கலைந்ததை மாமியாருக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், டாக்டரைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்று கேட்கலாம்.

பெயர் கொடுப்பது எப்படி? டயாலிசிஸ் மையத்து டாக்டரிடம் "மாற்றுச் சிகிச்சைக்கு என்னைப் பரிசோதிக்க அனுப்புங்கள்" என்று நேராகக் கேளுங்கள். சிறுநீரக நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார். எங்கள் பக்கத்துக்கு அது ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. அரசாங்க நிபுணர் கிளினிக்கில் மலேசியருக்குக் கட்டணம் குறைவுதான். இதயம், ரத்தக்குழாய், தொற்று என்று சோதனைகள் பல மாதம் இழுக்கும், பொறுமை வேண்டும். வீட்டில் யாராவது கொடுக்க முன்வந்தால் அவருக்கும் அதே மாதிரி சோதனை உண்டு. உறவே இல்லாதவர் கொடுப்பதென்றால் அமைச்சின் குழு அனுமதிக்க வேண்டும். காசுக்கு வாங்கவோ விற்கவோ கூடாது.

கொடுக்கச் சொல்லி நெருக்கப்படும் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. டாக்டர் தனியாகப் பேசும்போது மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். இனிமேல்தான் பிள்ளை பெறப்போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், ஒரு சிறுநீரகத்தோடு கர்ப்பமாகும்போது ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

காசு விஷயத்தில்தான் தோட்டத்துப் பெண்கள் அதிகம் அடிபடுகிறார்கள். தொழிலாளர்களின் சந்தாவில் நடக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் டயாலிசிஸ் உதவி, நோயால் வேலை செய்ய முடியாதவருக்கான பென்ஷனுக்குத் தகுதி உள்ளவருக்குத்தான். அந்தத் தகுதிக்குக் கடைசி 40 மாதத்தில் 24 மாதம் சந்தா போயிருப்பது முக்கியம். காண்டிராக்டில் புல் வெட்டி, இடையில் பேரனைப் பார்க்க வீட்டில் நின்றவருக்கு அந்த மாதங்கள் எங்கே சேரும்? அதற்காகத்தான் 2022 டிசம்பர் 1ஆம் தேதி குடும்பத் தலைவிகளுக்கான சொக்சோ திட்டம் வந்தது. வருடத்துக்கு 120 வெள்ளி (ரிங்கிட்), 55 வயதுக்குட்பட்டவர்கள் சேரலாம், டயாலிசிஸ் உதவியும் அதில் உண்டு. நோய் வந்த பிறகு ஓடாமல், உங்கள் வீட்டு அண்ணிக்கும் தங்கச்சிக்கும் இப்போதே போட்டு வையுங்கள். இ.பி.எப். என்ற ஊழியர் சேமநிதிச் சேமிப்பிலிருந்தும் உறுப்பு மாற்றுச் செலவுக்கு எடுக்கலாம். மனைவிக்காகக் கணவனும் அம்மாவுக்காகப் பிள்ளையும் தங்கள் கணக்கில் எடுக்க விதி இடம் கொடுக்கிறது.

பதிந்த பிறகு சின்ன விஷயம் ஒன்று. பொருத்தமான சிறுநீரகம் கிடைத்தால் எந்த நேரத்திலும் போன் வரும், நடு ராத்திரியிலும் வரும். பல பெண்களின் கோப்பில் இருப்பது கணவன் அல்லது மகனின் நம்பர். அவர் செம்பனைக் காட்டில் வேலையில் இருப்பார், லைன் கிடைக்காது.

போன மாதம் அத்தையை ஈப்போவுக்குக் கூட்டிப்போனேன். பாரத்தில் முதல் நம்பர் அவருடையது, இரண்டாவது என்னுடையது, மூன்றாவது பக்கத்து லயத்து அக்காவுடையது. நர்ஸ் மூன்றுக்கும் அங்கேயே அடித்துப் பார்த்தார். அத்தையின் கைப்பையில் போன் அடித்தபோது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவசரமாக எடுத்து "ஹலோ" என்றார்.