அம்மாவின் போனைப் பிடுங்காதீர்கள்

பெருந்துறைப் பக்கம் தறி ஓட்டும் குடும்பம் ஒன்று, ஒன்பது மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண்கள் குழிவிழுந்திருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே இறங்கவில்லை. காலையிலிருந்து சிறுநீரும் போகவில்லை. நரம்பு கிடைக்காமல் செவிலியர் தவித்துக்கொண்டிருந்தபோது மாமியார் என்னிடம் சொன்னது: "எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள் டாக்டர், பிள்ளையை எங்கே பார்க்கிறாள்?"

அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. குழந்தை தேறிய பிறகு தனியாகக் கேட்டேன். போக்கு தொடங்கிய அன்றே ஒரு குழந்தை மருத்துவரின் வீடியோவைப் பார்த்துவிட்டு, வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். போனைப் பார்த்து வைத்தியம் செய்கிறாயா என்று அடக்கிவிட்டார்கள். தண்ணீரை நிறுத்தி, தாய்ப்பாலைக் குறைத்து, வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நாட்டு வைத்தியரிடம் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். மறுநாள் ஓ.ஆர்.எஸ். என்று கணவர் வாங்கி வந்தது, அட்டைப் பெட்டியில் அடைத்த இனிப்புப் பானம். சர்க்கரை மிகுந்த பானம் போக்கை இன்னும் கூட்டும்.

அந்த வீட்டில் சரியான தகவல் தெரிந்திருந்தது அவள் ஒருத்திக்குத்தான். பழியும் அவள் மேல்தான்.

அம்மா போன் பார்ப்பதால்தான் பிள்ளை சீக்காகிறது என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வில் பெண்களிடம் செய்தித்தாள் படிப்பீர்களா, வானொலி கேட்பீர்களா, டிவி பார்ப்பீர்களா என்று கேட்கிறார்கள். அந்தத் தரவை அலசிய பல ஆய்வுகள், படிப்பையும் வசதியையும் கணக்கில் எடுத்த பிறகும், இவை எட்டும் தாய்மாரின் குழந்தைகள் தடுப்பூசிகளை முழுமையாகப் போட்டுக்கொள்வது அதிகம் என்கின்றன. என் அறையிலும் அதைத்தான் பார்க்கிறேன். விவரம் தெரிந்த தாய், "நேற்று இரவு எட்டு மணிக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை" என்று வந்து நிற்கிறாள். எனக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. தெரியாதவள், "சோர்ந்து கிடக்கிறான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள், அதுவும் மூன்றாம் நாளில். போலியோ சொட்டு மருந்து முகாம் என்றைக்கு என்பதை 1995 முதல் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்ததில் வானொலிக்கும் டிவிக்கும் பெரும் பங்கு உண்டு. 2014இல் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது.

போனில் குப்பையும் வருகிறது, மறுக்கவில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் மிரண்டார்கள். தமிழ்நாட்டில் முகாமை நீட்டிக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியை என்னிடம் காட்டியவர்களில் அதிகம் பேர் அப்பாக்கள். அதற்காக எந்த வீட்டிலும் அப்பாவின் போனைப் பிடுங்கவில்லை.

வீட்டு ஆண்களே, அவள் ஓ.ஆர்.எஸ். கேட்டால் ஓ.ஆர்.எஸ். வாங்குங்கள். உலக சுகாதார நிறுவன அளவு என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அந்த அளவில் இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டதும் இதனால்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கணக்குப் போடாதீர்கள். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக (ஜிங்க்) மருந்தைப் போக்கு நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம், குடிக்க முடியாமை, ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லை என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

அம்மிணிகளே, வீடியோவில் பேசுபவர் யார் என்று பாருங்கள். ஊசியைக் குறை சொல்லிவிட்டுக் கடைசியில் லேகியம் விற்பவரை நம்பாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கச் சொன்னால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். சந்தேகம் வந்தால் 104க்குக் கூப்பிடுங்கள், அல்லது கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.

மில்லிலும் பனியன் கம்பெனியிலும் மேற்பார்வை பார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வது உங்கள் வழக்கமாக இருக்கலாம். வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தாய் சொன்னால், அன்றைக்கு மட்டுமாவது அதை அவளிடமே விட்டுவையுங்கள்.