மூடியில் 1950, சரி. போல்ட் எந்த ஆண்டு?

சோவியத் ராணுவத்துக்காகச் செய்த ஒரு எஸ்.கே.எஸ். துப்பாக்கியின் மேல்மூடியில் ஐந்துமுனை நட்சத்திரம், அதற்குள் ஓர் அம்பு, பக்கத்தில் 1950 என்ற ஆண்டு. ரஷ்யாவின் துலா ஆலையில் 1950-இல் செய்த துப்பாக்கி என்று அடித்துச் சொல்லிவிடலாமா? மூடியைப் பற்றி மட்டும் வேண்டுமானால் சொல்லலாம். ஒரு ஊசியை நகர்த்தினால் கையோடு கழன்று வந்துவிடும் பாகம் அது. கழற்றி மாட்ட இவ்வளவு எளிதான இடத்தில் போய் ஆண்டைப் பொறித்தார்கள் என்பது சேகரிப்பாளர்களின் தலைவலிகளில் முதலாவது.

நாணயம் சேர்ப்பவர்களுக்கு இந்த விளையாட்டு பழக்கமானதுதான். ரூபாய் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரக்குறி இருந்தால் மும்பை என்று சட்டெனச் சொல்லிவிடுவார்கள். ஆனால் நாணயம் ஒரே துண்டு உலோகம். துப்பாக்கி அப்படியில்லை, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிப் பிறந்தநாள் இருக்கலாம்.

செர்கேய் சிமோனவ் வடிவமைத்த எஸ்.கே.எஸ்., பத்துத் தோட்டா பிடிக்கும் அரைத்தானியங்கி ரகம். ஒவ்வொரு குண்டுக்கும் விசையை ஒருமுறை அழுத்தவேண்டும், அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களிலேயே சிறு எண்ணிக்கையில் போர்முனைக்கு அனுப்பிச் சோதித்திருந்தார்கள். முழு அளவு உற்பத்தி 1949-இல் துலாவில் தொடங்கியது. 1953, 1954 ஆண்டுகளில் மட்டும் இஷெவ்ஸ்க் ஆலையும் சேர்ந்துகொண்டது. சேகரிப்பாளர்கள் விலை கொடுக்கத் துடிப்பது முதல் இரண்டு, மூன்று ஆண்டுத் துப்பாக்கிகளுக்கு. காரணம் வேடிக்கையானது: பின்னால் வந்தவற்றில் திருத்தப்பட்ட அம்சங்கள் இவற்றில் திருத்தப்படாமல் இருக்கின்றன. பொறியாளர்கள் வேண்டாம் என்று கைவிட்டதைத்தான் இவர்கள் காசு கொடுத்துத் தேடுகிறார்கள்.

முதலில் பயனெட், அதாவது குழல்முனையில் குத்துவதற்காகப் பொருத்திய ஆயுதம். 1949-இன் மிக ஆரம்பத் துப்பாக்கிகளில் முன்னால் மடங்கி நிற்பது ஊசிபோன்ற கூர்முள். சீக்கிரமே அது போய்த் தட்டையான கத்தி வந்தது. கூர்முள்ளைக் கண்டதும் துள்ளிக் குதிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். சீனா இதே துப்பாக்கியை 56-ஆம் வகை என்ற பெயரில் செய்தது. அங்கே வரிசை தலைகீழ், முதலில் கத்தி, பிறகு முள். முள் என்றால் பழையது என்ற விதி எல்லை தாண்டினால் செல்லாது. போதாததற்குப் பயனெட் திருகைக் கழற்றினால் வந்துவிடும் பாகம்.

சாட்சி என்றால் இடம் மாற முடியாத சாட்சி வேண்டும். அதற்கு நல்ல உதாரணம் கேஸ் பிளாக். குண்டைத் தள்ளிக்கொண்டு போகும் வாயுவில் கொஞ்சத்தைக் குழலின் மேலிருக்கும் ஒரு துளை வழியே இழுத்து, பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றவைக்கும் இரும்புத் துண்டு அது. குழலோடு சேர்த்து ஊசியடித்து இறுக்கியிருப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் முதல் வகையில் அதன் வெட்டு செங்குத்தாக, 90 பாகையில் நிற்கும். அடுத்து வந்தது 45 பாகைச் சரிவு. அதற்குப் பின் வந்ததில் வளைவு. முதல் இரண்டும் உற்பத்தியின் தொடக்க ஆண்டுகளோடு முடிந்துவிட்டன. 1949 என்று மூடியில் பொறித்து, குழலில் வளைந்த கேஸ் பிளாக் இருந்தால், மூடி எங்கிருந்தோ வந்திருக்கிறது என்றுதான் நான் சந்தேகப்படுவேன்.

குழலின் உள்பக்கமும் பேசும். தோட்டாவின் அடியில், அடிபட்டதும் தீப்பற்றி வெடிமருந்தைக் கொளுத்தும் சிறு கிண்ணம்தான் பிரைமர். அந்தக் காலத்து சோவியத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படியும். சமையல் உப்புக்கு அண்ணன் தம்பி முறை. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப்போல, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவேற்றும். எண்ணெய் போட்டால் மட்டும் போதாது. உப்பு தண்ணீரில்தான் கரையும், ஆகவே நீரால் கழுவித் துடைத்த பிறகே எண்ணெய். எல்லாச் சிப்பாய்களும் இதைத் தினமும் செய்வார்களா? 1951 வாக்கில் துலா ஆலை குழலுக்குள் குரோமியம் பூசத் தொடங்கியதற்குப் பின்னால் இந்தச் சங்கடம் இருக்கிறது. பூச்சு இல்லாத ஆரம்பக் குழல்கள் பல இன்று உள்ளே அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்து கிடக்கின்றன. சுட நினைப்பவருக்கு அது குறை, அடையாளம் தேடுபவருக்கு ஒரு துப்பு.

தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டுக்கு வருவோம். ஆரம்பகாலப் போல்ட்டுக்குள், பிரைமரை இடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைச் சுற்றி ஒரு சுருள்வில் உண்டு. பின்னை எப்போதும் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கும். அதே 1951 வாக்கில் வில்லை எடுத்துவிட்டார்கள். கழற்றி எடுத்த போல்ட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால் தெரிந்துவிடும்: வில் இல்லாததில் பின் ‘கடகட’ என்று ஆடும். வில் இல்லாமல் எப்படிப் பாதுகாப்பு என்று கேட்கலாம். போல்ட் முன்னால் பாய்ந்து சட்டென்று நிற்கும்போது பின் மட்டும் நிலைமத்தால் தொடர்ந்து ஓடி, பிரைமரை லேசாகத் தொடத்தான் செய்யும். ராணுவப் பிரைமர் கடினமானது என்பதால் அந்தத் தட்டு போதாமல் போகிறது. ஆனால் சேமிப்புக் கிடங்கில் பூசிய கெட்டிக் கிரீஸ் உள்ளே உறைந்து பின்னை முன்பக்கமாக ஒட்டவைத்துவிட்டால், விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே கிரீஸ் நீக்காத துப்பாக்கியைச் சுடாதே என்று சேகரிப்பாளர்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்கள்.

இவ்வளவு குழப்பம் ஏன் வந்தது? பழுதுபார்க்கும் ராணுவக் கிடங்குகளால். பழைய துப்பாக்கிகளைப் பிரித்து, பாகங்களைச் சுத்தம்செய்து, கையில் கிடைத்ததைக் கொண்டு மறுபடி பூட்டினார்கள். எந்த மூடி எந்த உடலுடையது என்ற கவலை அவர்களுக்கு இல்லை. துப்பாக்கி சுட்டால் போதும். வேலை முடிந்ததன் அடையாளமாக, ஒரு சதுரமும் அதன் குறுக்கே ஒரு கோடும் கொண்ட முத்திரை குத்தினார்கள். அது இருந்தால் கலவைப் பாகங்களை எதிர்பார்க்கவேண்டும். பொருந்தாத வரிசை எண்களைக் கோடு போட்டு அடித்துப் புதிய எண் எழுதுவதும் உண்டு.

அந்தப் புதிய எண்ணை உருப்பெருக்கியில் பார்த்தால், உளி அச்சு இரும்பை நசுக்கிப் பள்ளமாக்கி ஓரத்தில் வரப்பு எழுப்பியிருக்கிறதா, அல்லது மின்பேனா மேலோட்டமாகப் பொசுக்கி எழுதியிருக்கிறதா என்று தெரியும். உளி அச்சின் கதை மேற்பரப்போடு முடிவதில்லை. அடி விழுந்த இடத்துக்குக் கீழே இரும்பின் படிகங்கள் நசுங்கி அப்படியே இருக்கும். அரத்தால் ராவி எண்ணை அழித்தாலும், ராவல் ஆழமாகப் போகாதவரை அந்த நசுங்கல் மிஞ்சும். மெருகேற்றி அமிலம் தடவினால் நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வெவ்வேறு வேகத்தில் அரிபடும். அழிந்த எண் மங்கலாக எழுந்து வரும். தடயவியல் கூடங்களின் அன்றாட வேலை இது. சேகரிப்பாளர் செய்தால் பொருளின் மதிப்பு போய்விடும், அது வேறு விஷயம்.

மரக்கட்டையைச் சோதிக்க மட்டும் அமிலம் வேண்டாம், புறஊதா விளக்கு போதும். அதன்மேல் பூசிய ஷெல்லாக், அரக்குப்பூச்சியிடமிருந்து வருவது. அந்த விளக்கில் ஆரஞ்சாக ஒளிரும். பின்னாளில் யாராவது வார்னிஷ் பூசியிருந்தால் நிறம் வேறு.

பாகங்களுக்கு வெவ்வேறு வயது என்பதன் உச்சம் இதற்கும் மூத்த ரஷ்யத் துப்பாக்கியான மோசின் நாகான்ட் ரகத்தில் இருக்கிறது. அதன் ரிசீவரில், அதாவது குழலும் போல்ட்டும் பொருந்தும் இரும்பு உடலில், முதலில் பட்டை பட்டையாகச் சீவிய முகங்கள் உண்டு. 1930-களின் நடுவில் வேலையைக் குறைக்க உருண்டையாக்கினார்கள். பட்டை முகம் இருந்தாலே ஆரம்பகாலம் என்று அங்கும் ஒரு குறுக்குவழி. ஆனால் பின்லாந்து தன் எம்39 துப்பாக்கியைச் செய்தபோது புது ரிசீவர் வார்க்கவில்லை. கையிலிருந்த ஜார் காலத்து ரஷ்ய ரிசீவர்களையே எடுத்துப் புதுக் குழல் மாட்டியது. மேலே குழலில் 1941 என்று இருக்கும். திருகுகளைக் கழற்றி, மரக்கட்டையிலிருந்து இரும்பைத் தூக்கி, ரிசீவரின் வால்பகுதியைத் திருப்பிப் பார்த்தால் 1896 என்று இருக்கலாம். அமெரிக்கச் சட்டப்படி 1898 வரை செய்தவை ‘பழம்பொருள்’. அங்கே கணக்கில் எடுப்பது ரிசீவரின் ஆண்டைத்தான். ஆக, இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த அந்தத் துப்பாக்கி, மரத்துக்கு அடியில் மறைந்திருக்கும் நான்கு இலக்கத்தால் 19-ஆம் நூற்றாண்டுப் பொருளாகிவிடுகிறது.